'பிளைத்' என்ற சொல்லும் என் அகராதிச் செயலியும்

மொழிபெயர்ப்பு வேலைக்காக ஆறு மாதங்களாக ஓர் ஆங்கில–தமிழ் அகராதிச் செயலியைப் பயன்படுத்தி வருகிறேன். தேடல் விரைவாக இருக்கிறது, இணையம் இல்லாதபோதும் இயங்குகிறது, அன்றாடச் சொற்களுக்குத் தயங்காமல் நம்பலாம். ஆனால் அகராதியின் தரம் தெரிவது எளிய சொற்களில் அல்ல என்பதை 'பிளைத்' என்ற பெயரடையைத் தேடிய நாளில் உணர்ந்தேன்.

பி, எல், ஐ, டி, எச், இ என்ற எழுத்துகளால் ஆன இச்சொல்லுக்குச் செயலி தருவது 'மகிழ்ச்சியான, களிப்பான' என்ற இரண்டு பொருள்களை மட்டுமே. அவை தவறல்ல, ஆயினும் 'ஹேப்பி' என்று தேடினாலும் ஏறக்குறைய இவையே வருகின்றன என்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பிளைத் என்பது மனத்தில் எந்தப் பாரமும் இல்லாதவரின் மகிழ்ச்சி. கடைசித் தேர்வை எழுதி முடித்துவிட்டு, நாளை என்ன என்ற நினைப்பே இல்லாமல் சிட்டாய்ப் பறந்து திரியும் சிறுமியை இச்சொல்லால் குறிக்கலாம். நீண்ட கவலைக்குப் பின் நல்ல செய்தி கேட்டுக் கண்கலங்கும் தாயை அப்படிச் சொல்ல முடியாது. 'கவலையற்ற' என்பதே இப்பதிவில் முதலில் நின்றிருக்க வேண்டிய சொல்.

இதைவிடப் பெரிய குறை, இன்றைய உரைநடையில் மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் பொருள் அடியோடு விடுபட்டிருப்பது. கவலைப்பட வேண்டிய இடத்திலும் கவலைப்படாதவரைக் கண்டிக்கும் தொனியில், 'பிளைத் டிஸ்ரிகார்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். தொழிற்சாலை மேலாளர் ஒருவரைப் பற்றிய அத்தகைய வாக்கியத்தைச் செயலியை நம்பி மொழிபெயர்த்தபோது, 'பாதுகாப்பு விதிகளை அவர் மகிழ்ச்சியுடன் புறக்கணித்தார்' என்று என் வரைவில் வந்து நின்றது. விதியை மீறி அவர் இன்புற்றார் என்பதல்ல மூலத்தின் கருத்து. மீறுகிறோம் என்ற உறுத்தலே அவருக்கு இல்லை என்பதுதான். 'பாதுகாப்பு விதிகளை அவர் சிறிதும் சட்டை செய்யவில்லை' என்று திருத்திய பிறகே எனக்கு நிம்மதி வந்தது. 'விட்டேற்றியான' என்ற அருமையான தமிழ்ச்சொல்லும் இந்தப் பொருளுக்கு வெகு அருகில் நிற்கிறது.

'பிளைத்லி' என்ற வினையடைக்குத் தனிப் பதிவு இல்லாததும் இதே வகையான இழப்பு. முன்னால் இருக்கும் ஆபத்து தெரியாமல் ஒருவர் இயல்பாக நடந்துபோவதைச் சொல்லும்போது ஆங்கிலம் பெரும்பாலும் அந்த வடிவத்தைத்தான் நாடுகிறது.

சொல் வரலாற்றுக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தாலும் பயன்பட்டிருக்கும். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு மகிழ்ச்சியோடு கனிவு என்ற பொருளும் இருந்தது. டச்சு மொழியில் மகிழ்ச்சியைக் குறிக்கும் 'பிளை' இதன் உறவுச்சொல்தான். கனிவைக் குறித்த சொல் அலட்சியத்தையும் குறிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வாசகர், அதைக் கையாளும்போது தாமாகவே ஒரு கணம் நிதானிப்பார்.

ஒலிப்புப் பதிவை மனமாரப் பாராட்டுகிறேன். சொல்லின் இறுதியில் வரும் மெல்லிய அதிர்வொலியைத் தமிழ் எழுத்தில் காட்ட இயலாது என்பதால், அதைத் தெளிவான குரலில் கேட்க முடிவது உண்மையான உதவி.

திருத்தம் அனுப்பும் வசதி செயலியிலேயே இருக்கிறது. இரண்டு பொருள்களுக்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதி அனுப்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. பதிவு இன்னும் மாறவில்லை. இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள் தருகிறேன்.