சென்ட்ரல் ஃபீடிங் சிஸ்டம்: பல வருடம் ஓட்டிய பிறகு தெரிந்த குறைகள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகங்கள் செய்யும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் கம்பெனியில் ப்ரொடக்‌ஷன் பார்க்கிறேன். பிளாஸ்டிக் குருணையை மெஷின் மேல் இருக்கும் ஹாப்பர் என்ற தொட்டியில் ஏற்ற மெஷினுக்கு மெஷின் இருந்த ஹாப்பர் லோடர்களை எடுத்துவிட்டு, ஒரே இடத்திலிருந்து பைப் வழியாக எல்லா மெஷினுக்கும் குருணை அனுப்பும் சென்ட்ரல் மெட்டீரியல் ஃபீடிங் போட்டுப் பல வருடம் ஆகிறது. தரை சுத்தமாகிவிட்டது. 25 கிலோ மூட்டையோடு ஏணி ஏறும் வேலை ஒழிந்தது பெரிய நிம்மதி. விற்க வருகிறவர்கள் இவற்றை விவரமாகச் சொல்வார்கள். வாங்கிய பிறகு தெரிய வருபவற்றை நான் சொல்கிறேன்.

முதலில் வேக்குவம். குருணையைப் பைப்பில் உறிஞ்சி இழுக்க எல்லா மெஷினுக்கும் பொதுவாக ஒரு பம்ப். அது நின்றால் ஹாப்பரில் இருக்கும் மெட்டீரியல் தீரும்வரைதான் உற்பத்தி. ஆனால் பம்ப் நிற்பது அபூர்வம். தினமும் உயிரை எடுப்பது சின்னச் சின்ன லீக்குகள். கோடியில் இருக்கும் மெஷினில் ‘நோ மெட்டீரியல்’ அலாரம் அடிக்கும். ஆபரேட்டர் ஓடிப்போய், பைப்பில் வரும் குருணை மெஷின் மேல் வந்து விழும் ரிசீவரைத் திறந்து, ஃபில்டரை ஊதி, ஹோஸைத் தட்டிப் பார்ப்பார். அங்கே எந்தக் கோளாறும் இருக்காது. நாலு மெஷின் தள்ளி ஒரு வேக்குவம் வால்வின் சீல் தேய்ந்து, அது வழியாகக் காற்று போய்க்கொண்டிருக்கும். உறிஞ்சும் வேகம் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது தூரத்து மெஷின்தான். தனி லோடர் இருந்த காலத்தில் கோளாறும் அலாரமும் ஒரே இடத்தில் இருந்தன.

அடுத்தது பெண்டுகள், அதாவது பைப்பின் வளைவுகள். நாங்கள் 30% கிளாஸ் (கண்ணாடி இழை) கலந்த நைலான் நிறைய ஓட்டுகிறோம். அந்தக் குருணை வளைவில் மோதி மோதி, அலுமினியம் பெண்டின் வெளிச்சுவரை அரித்துவிடும். ஓட்டை விழுந்தால் டேப் சுற்றி ஷிப்டை ஓட்டலாம், ஆனால் அரித்த உலோகத் தூள் மெட்டீரியலோடு போவதை டேப் தடுக்காது. கிளாஸ் நைலானுக்குக் கண்ணாடி பெண்டோ செராமிக் பூசியதோதான் தாங்கும். கொட்டேஷனில் இது தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஈரம்தான் எனக்கு மிகப் பெரிய வருத்தம். பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருகிறோம். பிறகு அதையே ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றால் நீண்ட பைப் வழியாக இழுக்கிறோம். பாதியில் பம்ப் நின்றால் குருணை பைப்பிலேயே கிடக்கும். அடுத்து வரும் ஷாட்டில் பீஸ் மேல் வெள்ளிக்கோடு. உலர்ந்த காற்றால் கடத்தும் வசதியும், ஒவ்வொரு முறையும் லைனைக் காலி செய்யும் பர்ஜ் வால்வும் இருந்தால் இது பெருமளவு குறையும். எங்களுக்கு வந்த கொட்டேஷனில் இரண்டுமே ‘ஆப்ஷன்’ என்றுதான் இருந்தன. சென்னை மாதிரி கடலோர ஊரில் இவை இல்லாமல் பாலிகார்பனேட்டை சென்ட்ரலில் ஓட்டவே கூடாது.

மெட்டீரியல் மாற்றம் இன்னொரு தலைவலி. கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓடிய லைனில் நிறம் சேர்க்காத மெட்டீரியலை விட்டால், ஹோஸ் ஜாயின்டிலும் ரிசீவர் வலையிலும் ஒட்டியிருந்த சில கறுப்புக் குருணைகள் உடனே வராது. முதல் பீஸ்கள் சுத்தமாக வரும், குவாலிட்டி ஓகே சொல்லிவிடுவார், அதற்குப் பிறகுதான் புள்ளி தெரியும். நிறம் கொடுக்கும் மாஸ்டர்பேட்ச் குருணையையும் மெயின் டேங்கிலேயே கலந்து அனுப்பாதீர்கள். எடையும் அளவும் வேறான குருணைகள் வழியிலேயே பிரிந்து, பீஸுக்குப் பீஸ் நிறம் மாறும். அதை அளந்து சேர்க்கும் டோசரை மெஷின் மேலேயே வைப்பதுதான் சரி.

இரண்டு மூன்று ரெசின் (பிளாஸ்டிக் வகை) மாதக்கணக்கில் மாறாமல் ஓடும் கம்பெனிக்கு இந்த சிஸ்டம் பொருந்தும். ஜாப் ஒர்க் எடுத்து, தினமும் மோல்டும் மெட்டீரியலும் மாற்றுகிறவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். போட்டே தீர வேண்டும் என்றால் ஸ்டாண்ட்பை பம்ப்பையும் சேர்த்து ஆர்டர் கொடுங்கள். பழைய ஹாப்பர் லோடர்களை ஸ்கிராப்பில் போடாமல், அடிக்கடி கலர் மாறும் மெஷின்களில் அப்படியே விட்டுவையுங்கள்.