மேல்தாடை ஆபரேஷன்: மூக்குக்கு என்ன மார்க்?

பல்வரிசையைப் பொருத்துவதில் லெ ஃபோர்ட் 1 ஆபரேஷனுக்கு முழு மார்க் தரலாம். ஹூகோ ஓப்வெகேசர் என்ற சர்ஜன் 1960களில் பரவலாக்கிய முறை இது. மேல்தாடை எலும்பை அறுத்து முழுவதுமாக விடுவித்து, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, டைட்டானியம் பிளேட் வைத்து முடுக்குகிறார்கள். மூக்கு விஷயத்தில்தான் டாக்டருக்கு டாக்டர் வித்தியாசம் தெரிகிறது.

மூக்கு உட்கார்ந்திருப்பதே மேல்தாடை எலும்பின் மேல்தான். எலும்பை முன்னே கொண்டுவந்தாலோ மேலே ஏற்றினாலோ மூக்கு மடல்கள் அகலும், நுனி சற்றுத் தூக்கும். பின்னே தள்ளினால் நுனிக்கு இருந்த முட்டு குறையும். நுனி தொங்கிய மூக்குக்கு முதல் மாற்றம் லாபம். ஏற்கெனவே அகலமாகவோ தூக்கலாகவோ இருக்கும் மூக்குக்கு அதே மாற்றம் கெடுதல்.

எலும்பு நகர்வதோடு கதை முடியவில்லை. மேலுதட்டின் உட்புறம் கீறும்போது மடல்களை இழுத்துப் பிடித்திருக்கும் தசைகளும் எலும்பிலிருந்து பிரிகின்றன. அப்படியே மூடிவிட்டால் அவை விலகிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இதற்குத்தான் சிஞ்ச் தையல். வாய்க்குள்ளிருந்தே இரு மடல்களின் அடியையும் கரையாத நூலால் கோத்து, நடுவில் இழுத்து முடிச்சுப் போடுவார்கள். கீறுவதற்கு முன் காலிப்பரில் (அகலம் அளக்கும் கருவி) மடலகலம் 34 மி.மீ. என்றால், முடிச்சிடும்போதும் அந்த எண்ணைப் பார்த்தே இறுக்க வேண்டும். மயக்க மருந்துக் குழாய் மூக்கு வழியாகப் போயிருப்பதால் மூக்கு கோணி நிற்கும். கண் அளவை நம்பினால் ஒரு பக்கம் கூடுதலாக இறுகிவிடும். நூல் தசையைப் பிடிக்காமல் வெறும் கொழுப்பைப் பிடித்தால் சில மாதங்களில் தளர்ந்துவிடும். சரியாகப் போட்டாலும் அகலம் கொஞ்சம் திரும்ப வரும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தாடையை மேலே ஏற்றும் கேஸ்களில் இன்னொரு வேலை உண்டு. மூக்கின் இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர்க் குருத்தெலும்பின் அடியைச் செதுக்கி இடம் விடாவிட்டால் அது வளைந்து நுனி ஒரு பக்கம் சாயும், மூச்சும் அடைக்கும். மூக்குத் துவாரத்தின் எலும்பு விளிம்பை மழித்துவிடுவதும், மூக்கின் அடியில் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளெலும்பை அளவாகக் குறைப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

ஆலோசனைக்குப் போகும்போது இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சிஞ்ச் தையல் உண்டா? மடலை அளப்பீர்களா? நடுச்சுவரைச் செதுக்குவீர்களா? "மூக்கெல்லாம் மாறாது" என்று பதில் வந்தால் வேறு சர்ஜனையும் பார்த்துவிடுவது நல்லது.

முதல் மாதத்துக் கண்ணாடியை நம்பி அழ வேண்டாம், அதில் வீக்கமும் சேர்ந்திருக்கும். டாக்டர் அனுமதிக்கும்வரை மூக்கைச் சீந்தக் கூடாது. ரைனோபிளாஸ்டி (மூக்கின் வடிவைத் திருத்தும் ஆபரேஷன்) தேவையா என்பதைக் குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் கழித்து, பழைய போட்டோவையும் அதே காலிப்பர் அளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.