பாசிக்குடாவில் அறை எடுக்குமுன் அறைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்

போன ஓகஸ்டில் கனடாவிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. மாமி, மச்சான், அவருடைய மனைவி, மூன்று பிள்ளைகள், நாங்கள் நாலு பேர். ஆக மொத்தம் பத்து. "ரெண்டு இரவாவது கடல் பக்கம் நிக்கணும், நீங்களே பாத்து எடுங்க மச்சான்" என்று மச்சான் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

மட்டக்களப்பு டவுனில் இருக்கிற எங்களுக்குப் பாசிக்குடா முப்பத்தைந்து கிலோமீற்றர்தான். விடியச் சோற்றைக் கட்டிக்கொண்டு வானில் போய், குளித்து, பின்னேரம் மணலோடு வீடு வந்து சேருவோம். அங்கே காசு கொடுத்துப் படுப்பது எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லாத காரியம். அதனால் வெளியூர்க்காரனைப் போல நானும் தேடத்தான் வேண்டியிருந்தது.

அறுகம்பையை முதலிலேயே விட்டுவிட்டேன். அலைச் சறுக்கு ஆட்களுக்கு அது சொர்க்கம். ஐந்து வயதுப் பிள்ளையையும் முழங்கால் வலிக்கிற மாமியையும் கூட்டிக்கொண்டு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிப்போய், அங்கே அலையைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டிவரும். இளம் பொடியன்கள் போகட்டும்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, பாசிக்குடா வளைவில் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கிற ஹோட்டல்களில் ஒன்று. மற்றது, கல்குடா ஊருக்குள், கடலிலிருந்து அரைக் கிலோமீற்றருக்கு மேல் உள்ளே தள்ளி, ஒரு குடும்பம் நடத்துகிற தங்குமனை. கொழும்பிலிருந்து உதயதேவி ரயிலில் வருகிறவர்களுக்கும் இரண்டும் ஒன்றுதான். வாழைச்சேனையில் இறங்கி ஓட்டோ பிடித்தால் சரி.

கடைசியில் நாங்கள் கல்குடா வீட்டைத்தான் எடுத்தோம். ஏன் என்று சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: என் தொழில் ஏசியும் ஃபிரிட்ஜும் திருத்துவது. ஆகவே மற்றவர்கள் ஹோட்டலின் முன்பக்கத்தைப் பார்க்கும்போது நான் பின்பக்கத்தைப் பார்ப்பேன். அந்தக் கோணல் இந்த எழுத்து முழுக்க இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை ஓடிச் சொல்லிவிடலாம். காட்சி என்றால் கடலோர ஹோட்டல்தான், போட்டியே இல்லை. கதவைத் திறந்தால் புல், புல்லைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் குளம் போல ஓய்ந்து கிடக்கிற கடல். வெளியே இருக்கிற பவளப் பார் அலையை அங்கேயே உடைத்துவிடுவதால் நூறு மீற்றர் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. நீச்சல் குளம் உண்டு, கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானே ஓடும். விலைதான் இடிக்கும். எங்களுக்கு உள்ளூர்க்காரர் விலை என்று சொன்னதே ஓர் அறைக்கு இரவுச் சாப்பாட்டோடு நாற்பதாயிரம். அதன்மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், 18 வீதம் வற் வரி ஏறினால் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும். பத்துப் பேருக்கு நாலு அறை வேண்டும். மச்சான் டொலரில் கணக்குப் பார்த்து "பரவாயில்லை" என்றார். எனக்குத்தான் மூச்சு முட்டியது. கல்குடா வீட்டில் மூன்று பெரிய அறைகள், ஒவ்வொன்றும் ஒன்பதாயிரம், சாப்பாடு தனி.

ஆனால் விலைக்காக மட்டும் நான் மறுக்கவில்லை. காசு போடுகிறவர் மச்சான். என்னைப் பின்வாங்க வைத்தது இரண்டு வருடத்துக்கு முந்திய ஓர் இரவு.

எங்கள் கல்யாண நாளுக்கு நானும் மனைவியும் அந்த வளைவில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்திருந்தோம். பேரை விடுவோம். வைகாசி கடைசி, கச்சான் காற்று தொடங்கியிருந்தது. நம் ஊர்க் கச்சான் எப்படி என்று தெரியும்தானே: பகல் முழுக்கத் தரைப் பக்கத்திலிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி வீசும், சுவர் குடித்த வெப்பம் நடுச்சாமம் வரை இறங்காது. இரவு ஒரு மணிக்கு ஏசி 'டக்' என்று நின்றது. பத்து நிமிடத்தில் திரும்ப ஓடியது. திரும்ப நின்றது. வரவேற்பில் இருந்த தம்பி ஓடிவந்து ரிமோட்டின் பற்றரியை மாற்றிப் பார்த்தார். அவரில் பிழையில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

எனக்கு நித்திரை வரவில்லை. ஃபோன் வெளிச்சத்தோடு அறைக்குப் பின்னால் போனேன். வெளி யூனிட்டை அழகுக்காக மரச் சட்டங்களால் மறைத்துக் கட்டியிருந்தார்கள். சட்டத்துக்குள் கையை விட்டு அலுமினியத் தகடுகளைப் பெருவிரலால் தொட்டேன். பொரித்த பப்படம் போல நொறுங்கிக் கையோடு வந்தது. இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் வெள்ளைத் தூள். அந்த யூனிட்டில் பாதித் தகடு இல்லை.

இதை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டுகிற இடம்தான் அந்த வெளி யூனிட். அதற்குள் செப்புக் குழாய், குழாயைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள். செப்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அது ஒரு சின்னப் பற்றரி மாதிரி வேலை செய்யத் தொடங்கும். இரண்டில் இளைத்தது அலுமினியம். அதுதான் கரையும். தகடு போனால் சூடு வெளியேறாது, கொம்பிறசர் கொதிக்கும், கொதித்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கும், ஆறினால் ஓடும். அன்று இரவு நான் கேட்ட 'டக்' அதுதான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மழை நேரே படுகிற யூனிட் ஓரளவு தப்பிவிடும், ஏனென்றால் மழை உப்பைக் கழுவிவிடுகிறது. கூரைக்குக் கீழேயோ மரச் சட்டத்துக்குள்ளேயோ பத்திரமாக வைத்ததுதான் முதலில் சாகும். அழகான ஹோட்டலில் எல்லா யூனிட்டும் மறைவில்தான் இருக்கும்.

அடுத்தது வாடைக் காலம். கார்த்திகையிலிருந்து தை வரை காற்று கடலிலிருந்து நேராகக் கரைக்கு ஏறும். அப்போது ஆட்கள் வருவதில்லை, அறைகள் பூட்டிக் கிடக்கும், ஏசி ஓடாது. உப்பும் ஈரமுமாக மூன்று மாதம் ஊறும். சித்திரையில் சீசன் தொடங்க, சுவருக்கு வெள்ளை அடித்து, படுக்கை விரிப்பை மாற்றி, பூவைத் தூவி வரவேற்பார்கள். வெளி யூனிட்டுக்கு யாரும் பூத் தூவுவதில்லை. இன்னொன்று, பாசிக்குடாவின் இன்றைய ஹோட்டல்களில் பல போர் முடிந்த பிறகு எழுந்தவை. போரும் 2004 சுனாமியும் பழையவற்றைத் துடைத்துவிட்டிருந்தன. ஒரே காலத்தில் எழும்பியதால் ஒரே காலத்தில் வயதுக்கும் வருகின்றன. முதற்தொகுதி பத்து வருடத்துக்கு மேல் உப்பைக் குடித்துவிட்டது. ஒழுங்காகப் பராமரிக்கிறவர்கள் பொருட்களை மாற்றியிருப்பார்கள், மாற்றாதவர்களும் இருக்கிறார்கள். படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

கழுவினால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் யூனிட்டின் ஆயுள் இரட்டிப்பாகும் என்று என் அனுபவத்தில் சொல்வேன். ஆனால் எந்தத் தண்ணீரால்? கடலோர மணலுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் மழைத் தண்ணீர்தான். அது உப்புத் தண்ணீருக்கு மேலே எண்ணெய் மாதிரி மிதக்கிறது. மெதுவாக அள்ளினால் நல்லதாக வரும். நூறு பேர் குளிக்க, உடுப்புக் கழுவ, புல்லுக்கு ஊற்ற என்று மோட்டர் போட்டு இழுத்தால் கீழே இருக்கிற உவர் மேலே ஏறிவிடும். பெரிய இடங்களில் சிலர் சுத்திகரிக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை ஏசிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. உவரால் கழுவுவதை விட சும்மா விடுவது மேல்.

அன்று குளித்தபோது சவர்க்காரம் நுரைக்கவில்லை. மனைவியின் தலைமுடி தும்பு மாதிரி நின்றது. ஏசியும் தண்ணீரும் வேறு வேறு குறை என்று அப்போது நினைத்தேன். இப்போது இரண்டையும் ஒரே கணக்கில்தான் எழுதுகிறேன்.

இனி கல்குடா வீடு. அறையைப் பேச முன் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் அந்த அக்கா சிரித்துவிட்டார். "என்ன தம்பி, எல்லாரும் கட்டிலத்தான் பாப்பாங்க, நீங்க குப்பை மூலைக்குப் போறீங்க." மூன்று யூனிட்டும் திறந்த வெளியில், சிமெந்துத் திட்டில், மழை படுகிற மாதிரி நின்றன. ஆறு வருடமாம். தகடு வளைந்திருந்தது, கரையவில்லை. அடியில் சுவரில் துருக் கோடு இல்லை. அரைக் கிலோமீற்றரும் இடையில் நிற்கிற மரமுந்திரிகையும் பனையும் செய்த வேலை அது. காற்றில் வரும் உப்பில் பெரும்பங்கு கரையை அடுத்த முதல் சில நூறு மீற்றரிலேயே விழுந்துவிடுகிறது.

பிறகு கிணற்றடி. கட்டுக்கிணறு, வாளி, துலா இல்லை, ஒரு சின்ன மோட்டர். ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். இனிப்பு என்று சொல்லமாட்டேன், உப்பில்லை. அந்த இடத்திலேயே முற்பணம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு இரவும் ஏசி ஒரு முறைகூட நிற்கவில்லை. கரண்ட்தான் முதல் நாள் ஒன்றரை மணித்தியாலம் நின்றது. ஜெனரேட்டர் கிடையாது. மாமியை வேப்பமரத்தடிக் கட்டிலில் இருத்திப் பனை விசிறியால் வீசினோம். மச்சானின் மூத்த மகள் அதைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, நான்தானே எடுத்த இடம்.

கடலுக்குப் போவதும் கரைச்சல்தான். காலையில் ஆறரைக்கு வானில் பாசிக்குடாப் பொதுக் கரைக்குப் போய், ஒன்பதரைக்கு வெயில் ஏற முன் திரும்பினோம். நடுவில் சின்னவனுக்கு மலசலகூடம் என்றால் ஓட வேண்டும். ஹோட்டலில் நின்றவர்கள் ஈரத்தோடு அறைக்குள் நடந்து போவதைப் பார்த்து மச்சானின் மனைவி ஒரு பெருமூச்சு விட்டார். சனி ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் பொதுக் கரை பஸ்களால் நிரம்பிவிடும். நாங்கள் போனது செவ்வாய், புதன். வார இறுதி என்றால் என் தீர்ப்பு இவ்வளவு உறுதியாக இருக்காது. கல்குடாவின் சொந்தக் கரை பக்கத்தில்தான், ஆள் குறைவு, பார்க்க அழகு. ஆனால் அது திறந்த கடல், ஆழமும் அலையும் வேறு. பிள்ளைகளை அங்கே இறக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி: வாழைச்சேனைத் துறைமுகத்து மீன், மாங்காய் போட்ட குழம்பு, பிட்டு. மாமி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். முப்பது வருடக் கனடா ஒரு நேரத்தில் கரைந்துவிட்டது.

நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால், அல்லது கல்யாணம் முடித்த கையோடு போகிறவர்கள் என்றால், கடலோர ஹோட்டலே எடுங்கள். நான் தங்கியது நடுத்தர விலையில் ஒன்று, ஒரே ஓர் இரவு. அதை வைத்து மேல்தட்டு ஹோட்டல்களை எடைபோட மாட்டேன். ஆனால் எதை எடுத்தாலும் முழுப் பணமும் கட்ட முன் அறையை நேரில் கேளுங்கள். ஏசியைப் போட்டுவிட்டுப் பின்னால் போங்கள். வெளி யூனிட்டிலிருந்து வருகிற காற்று நன்றாகச் சுட வேண்டும். சுட்டால் அது வேலை செய்கிறது. காற்று வெதுவெதுப்பாக வந்தால், சுவரில் மண்ணிறக் கோடு வடிந்திருந்தால், வேறு அறை கேளுங்கள். கூச்சமாக இருந்தால் குளியலறைக் கதவின் பிணைச்சலைப் பாருங்கள், அதுவும் பொய் சொல்லாது. குழாயைத் திறந்து சவர்க்காரத்தைத் தேயுங்கள்.

இரண்டாம் நாள் விடிய எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அக்காவிடம் பழைய பல்தூரிகையும் வாளியும் வாங்கி மூன்று யூனிட்டையும் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, வளைந்த தகடுகளை நிமிர்த்திவிட்டேன். கணக்குப் பார்க்கும்போது பத்துப் பேரின் காலைச் சாப்பாட்டையும் அவர் எழுதவில்லை. எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. மச்சான் அடுத்த முறை பிள்ளைகளுக்காக ஒரு இரவு கடலோரத்தில் எடுக்க வேண்டும் என்கிறார். சரி என்றிருக்கிறேன், பல்தூரிகையையும் கொண்டுபோவேன்.