அண்ணாச்சிக்கும் பாடம் எடுத்தார்கள்: ஆட்டிசம் மையத்தில் 15 வருடம்

என் மகனுக்கு இப்போது 19 வயது. 4 வயதில் இந்த மையத்தில் சேர்த்தேன். 15 வருடம் ஒரே இடத்தில் ஃபீஸ் கட்டியவள் என்ற தகுதியில் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போகிறேன், அதனால் மையத்தின் பெயர் வேண்டாம்.

நாங்கள் சேர்ந்தபோது அது தென்சென்னையில் ஒரு மாடி போர்ஷன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் மூன்று பேர் ஆரம்பித்தது. ஆறு பிள்ளைகள், இரண்டு டீச்சர், மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை. ஹால் சுவரில் வெல்க்ரோ ஒட்டிய படங்கள்: செருப்பு, தண்ணீர் பாட்டில், ஊஞ்சல், சாப்பாடு. ஒரு வேலை முடிந்ததும் அதற்கான படத்தைப் பர்ரென்று பிய்த்து டப்பாவில் போட வேண்டும். மிக்ஸி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன், அந்தப் பர்ருக்காகவே ஒவ்வொரு வேலையையும் முடித்தான்.

பெற்றோர் ஆரம்பித்தது என்பதில் அதிசயமில்லை. இங்கிலாந்தின் நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி 1962ல் பெற்றோர்கள் கூடித் தொடங்கியதுதான். 1965ல் பள்ளி திறந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தார்கள், 1974ல் பெரியவர்களுக்காக சாமர்செட் கோர்ட் என்ற இல்லம் வந்தது. டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் என்ற அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பருவாவும் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மாதான். இந்த மாதிரி அமைப்பின் வரலாறு தெரிய ஆண்டறிக்கையைப் புரட்ட வேண்டாம், ஆரம்பித்தவர் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால் போதும். எங்கள் மையமும் அப்படித்தான்: முதலில் விளையாட்டு, அப்புறம் பாடம், அப்புறம் வேலை பழகும் பட்டறை.

இங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். கடையில் பொருள் வாங்கப் பழக்க, பையனைத் தெருமுனை அண்ணாச்சி கடைக்கு அனுப்பினார்கள். 10 ரூபாய் கொடுத்து 9 ரூபாய்க்கு வாங்கினான். மீதிக்கு அண்ணாச்சி வழக்கம்போல ஒரு சாக்லேட்டை நீட்டினார். பையன் வாங்கவில்லை, நகரவும் இல்லை. கையை நீட்டியபடி அரை மணி நேரம். பின்னால் வரிசை, ஆளாளுக்கு யோசனை. நானாக இருந்தால் இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். கூடப் போன டீச்சர், "அண்ணாச்சி, அவன் கணக்கு சரி. ஒத்த ரூபா குடுத்துடுங்க" என்றார். மறுநாள் தனியாகப் போய், இவனிடம் எப்படிப் பேச வேண்டும், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிவிட்டு வந்தார். இன்றுவரை அந்தக் கடையில் இவனுக்குச் சில்லறை பாக்கி கிடையாது.

அரசுத் தமிழில் ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று பெயர். அண்ணாச்சியிடம் கேட்டுப் பாருங்கள்!

அந்தப் பெயர்கூடப் பிறகுதான் வந்தது. 1995ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஊனப் பட்டியலில் ஆட்டிசமே இல்லை. 1999ன் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் இருந்தது. ஆனால் எங்கள் கைக்கு வந்த முதல் அடையாள அட்டையில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்றுதான் போட்டிருந்தது. 2016 சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்த பிறகு அட்டையை மாற்ற அலைந்தோம். எந்தக் கவுண்டரில் எந்த ஜெராக்ஸ் என்று மையத்து அக்கா ஒருவர் கைப்பட எழுதிக் கொடுத்த தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மருத்துவச் செலவுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா காப்பீடு, 18 வயதுக்குப் பிறகு கலெக்டர் தலைமையிலான குழுவிடம் வாங்க வேண்டிய சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று, எல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

சரி, குறைகள். டீச்சர்கள் நிற்பதில்லை. சம்பளம் அப்படி. பழகிய டீச்சர் போனால் பையன் ஒரு மாதம் பின்னால் போவான். ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலத்தில்; என் மாமியாருக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். கொரோனா சமயத்து ஜூம் வகுப்பு சுத்த வேஸ்ட். பட்டறை வந்த பிறகு ஆரம்பித்தவர்களின் கவனம் பெரிய பிள்ளைகள் பக்கம் போய்விட்டது. இப்போது சின்னக் குழந்தையோடு வருகிறவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதில் லாபம் அடைந்தவள் நான், ஆனாலும் இது தப்பு.

2015 டிசம்பர் வெள்ளத்தில், அப்போதுதான் குடிவந்த தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். படங்கள் எல்லாம் கூழ். அப்பாக்களும் அம்மாக்களுமாக மூன்று ஞாயிறு உட்கார்ந்து திரும்ப வெட்டி ஒட்டினோம்.

பட்டறையில் மஞ்சப்பை தைக்கிறார்கள். என் பையன் மடித்து 25, 25 பைகளாகக் கட்டுகிறான். கட்டு கோணலாக இருந்தால் அவனே பிரித்து மறுபடி மடிப்பான். கொஞ்சம் உதவித்தொகையும் உண்டு. கவரை வாங்கியதும் அங்கேயே எண்ணிப் பார்க்கிறான். அண்ணாச்சி பாடம்!

'எங்களுக்கு அப்புறம்' என்ற பேச்சுதான் இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும். தங்கும் இல்லத்துக்கு இன்னும் இடம் அமையவில்லை. அதற்கு முன்னோட்டமாக மாதத்தில் ஒரு ராத்திரி பெரிய பிள்ளைகளை மையத்திலேயே படுக்க வைத்துப் பழக்குகிறார்கள். போன மாதம் முதல் தடவை விட்டுவிட்டு வந்தேன். 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ: எல்லாருடைய பாயையும் ஒரே கோட்டில் இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். 11.30க்கு இன்னொன்று: தூங்கிவிட்டான்.

மறுநாள் காலை எழுந்ததும் மிக்ஸியில் சட்னி அரைத்தேன். அவன் பாத்ரூமுக்குப் போகும் வரை காத்திருக்காமல் அரைத்தது அன்றைக்குத்தான்.