மூலை சரிபார்க்க எது மேல்: 3-4-5 முறையா, மூலைவிட்டமா?

அடித்தளத்துக்கு நூல் கட்டும்போது மூலை செங்கோணம்தானா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே பள்ளி வடிவியல்தான்.

முதலாவது, பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை. மூலையிலிருந்து ஒரு நூலில் 3 மீட்டரும் மற்றதில் 4 மீட்டரும் குறித்து, குறிகளுக்கிடையே 5 மீட்டர் வந்தால் அது செங்கோணம். வெற்று மனையில் ஒரே ஒரு மூலையை வைத்துத் தொடங்க இது கைகொடுக்கும். ஆனால் முக்கோணத்தைச் சிறிதாக எடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடும். 30, 40, 50 சென்டிமீட்டர் எடுத்து, கர்ணத்தில் 1 சென்டிமீட்டர் கூடிப்போனால் கோணம் ஏறத்தாழ 2.4 பாகை விலகும். 10 மீட்டர் சுவரின் முனையில் அது சுமார் 42 சென்டிமீட்டர்! அதே பிசகு 3-4-5 மீட்டரில் நேர்ந்தால் விலகல் சுமார் 4 சென்டிமீட்டர்தான். 6-8-10 எடுத்தால் அதிலும் பாதி.

இரண்டாவது, நான்கு மூலைகளிலும் முளை அடித்த பிறகு மூலைவிட்டங்களை அளப்பது. இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்பார்கள். போதாது. எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். இருசமபக்கச் சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமமே. துல்லியத்தில் இம்முறை முந்துகிறது. 6-க்கு 8 மீட்டர் அறையில் மூலைவிட்டங்கள் 1 சென்டிமீட்டர் வேறுபட்டாலும், நீளச் சுவரின் முனையில் விலகல் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு.

தொடங்குவதற்கு 3-4-5, முடிவில் சரிபார்க்க மூலைவிட்டம் என்பேன். நடுவே மண்மேடு குறுக்கிட்டு நாடாவை இழுக்க முடியாவிட்டால், ஒவ்வொரு மூலைக்கும் தனியாகப் பெரிய முக்கோணம் போட வேண்டியதுதான்.