காலுக்கு உதவும் ஆட்டோமேட்டிக், கண்ணோடு போட்டி போடும் ஆட்டோமேட்டிக்

அக்கா வீட்டில் கார் வாங்கப் போகிறார்கள். ஷோரூமில் கொடுத்த தாளில் ஐந்து வேரியன்ட். ஒவ்வொரு படிக்கும் ‘ஆட்டோ’ என்று தொடங்கும் வசதி ஒன்றிரண்டு கூடுகிறது, விலையும் கூடவே ஏறுகிறது. என்னிடம் இருப்பது ஏ.எம்.டி என்ற, தானே மாறும் கியர் உள்ள சின்ன கார். சித்தப்பாவிடம் எல்லாம் நிறைந்த டாப் வேரியன்ட். இரண்டையும் பாளையங்கோட்டையிலிருந்து எல்லாப் பக்கமும் ஓட்டிப் பார்த்தவன் என்பதால் எதை எடுக்கலாம் என்று அக்கா என்னைக் கேட்டாள்.

முதலில் கியர். சாயங்காலம் ஆறு மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். 1973-இல் திறந்த பாலம். முன்னால் பேருந்து, பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொரு கார். ஏற்றத்திலேயே நின்று நின்று நகர வேண்டும். சாதா கியர் வண்டியில் இடதுகால் கிளட்சை விட்டு எழவே எழாது. அக்காவுக்கு முட்டுவலி வேறு. அவளைப் போன்றவர்களுக்குத் தானியங்கி கியர் ஆடம்பரமே இல்லை.

ஆனால் எந்தத் தானியங்கி? 2014-இல் மாருதி செலெரியோவோடு இங்கே பரவிய ஏ.எம்.டி-யில் கிளட்ச் இருக்கத்தான் செய்கிறது. அதை நம் காலுக்குப் பதில் ஒரு சின்னக் கருவி மிதிக்கிறது. கியர் மாறும் நொடியில் இழுவை அறுந்து, உட்கார்ந்திருப்பவர் தலை லேசாக முன்னால் ஆடும். ஊருக்குள் அது பெரிய விஷயமில்லை. பாபநாசத்துக்கு மேலே காரையார் ஏற்றத்தில், வளைவின் நடுவில் அந்த இடைவெளி விழும்போதுதான் மனசு பதறும். நான் வளைவுக்கு முன்பே மேனுவலுக்குத் தள்ளி இரண்டாம் கியரில் வைத்துவிடுவேன். டார்க் கன்வெர்ட்டர் என்ற இன்னொரு வகைத் தானியங்கியில் இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறும். படிப்படியாகக் கியர் மாறாத சி.வி.டி. வகை நெரிசலில் இன்னும் மென்மை, ஆனால் லாரியை முந்த அழுத்தினால் முதலில் இன்ஜின் கத்தும், வேகம் பிறகுதான் வரும். விலையில் ஏ.எம்.டி-க்குச் சுமார் 50 ஆயிரம் கூடும் என்றால் மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டும். டவுன், ஜங்ஷன், மார்க்கெட்தான் புழக்கம் என்றால் ஏ.எம்.டி. தாராளமாகப் போதும்.

ஒன்று மட்டும் கேளுங்கள். ஏ.எம்.டி. வண்டியை ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தே நிறுத்தி வைக்கக் கூடாது. கிளட்ச் தேய்ந்து சூடாகும், கருகல் வாடை வரும். பிரேக்கை மிதியுங்கள். அதற்குத்தான் ஹில் ஹோல்டு இருக்கிறது: பிரேக்கிலிருந்து கால் எடுத்த பிறகும் இரண்டு வினாடி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சித்தப்பா வண்டியிலுள்ள ஆட்டோ ஹோல்டு, ஆக்சிலேட்டரைத் தொடும்வரை விடாது. வண்ணார்பேட்டை சிக்னலில் அது சுகம், மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்று என்றால், பின்னால் நிற்கும் காரில் முட்டாமல் காக்கும் ஹில் ஹோல்டு போதும்.

இனி கண்ணின் வேலைக்கு வரும் வசதிகள். சீசனுக்குக் குற்றாலம் போனபோது சித்தப்பா, “வைப்பரத் தொடவே வேண்டாம்டே, அதுவே பாத்துக்கிடும்” என்றார். கண்ணாடிக்குள்ளிருந்து அகச்சிவப்பு ஒளி அனுப்பி, துளி விழுந்த இடத்தில் எவ்வளவு ஒளி தப்பிப்போகிறது என்று பார்ப்பதுதான் அந்த சென்சாரின் வேலை. அது பார்ப்பது ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தபால்தலை அளவு இடம். ஆலங்குளத்தில் நல்ல மழை, அழகாக வேலை செய்தது. தென்காசி நெருங்க நெருங்கச் சாரல். மாவு சலித்தது போல் என் கண்ணுக்கு நேரே கண்ணாடி வெளுத்துவிட்டது, வைப்பர் அசையவில்லை. கையால்தான் தட்டினேன். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் ஒரு பையன் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்க, வைப்பர் சட்டென்று எழுந்து அவன் விரலில் அடித்தது. சாவியை அணைக்காமல் வைத்திருந்தோம். வெயில் காலத்தில் செம்மண் தூசியை மழை என்று நினைத்து உலர்ந்த கண்ணாடியில் இழுத்துக் கீறலும் போடும். விட்டுவிட்டு ஓடும் சாதா வைப்பரே எனக்குப் பிடித்தது.

ஹெட்லைட் தானே எரிவது நல்லதுதான், பொழுது சாயும்போது மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர். தானாக டிம் ஆவதை மட்டும் நம்பாதீர்கள். அது மற்ற வண்டிகளின் விளக்கையோ தெருவிளக்கையோ பார்த்துத்தான் தாழும். களக்காடு பக்கம் விளக்கில்லாத சைக்கிளில் வாழைத்தார் கட்டி வருகிறவர் முகத்தில் முழு வெளிச்சத்தையும் அடித்துக்கொண்டே போகும். பாவம், அவர் ரோட்டை விட்டு இறங்க வேண்டியதாகிறது.

காலை எடுத்தாலும் ஒரே வேகத்தில் ஓட வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலை நேராகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்த்திசையில் பைக் வரும், ஆடு குறுக்கே ஏறும். ரேடார் வைத்த வகை முன்வண்டிக்கு இடைவெளி விட்டால், அந்த இடைவெளியில் ஒருவர் நுழைவார், நம் வண்டி வெடுக்கென்று பிரேக் போடும்.

ஆட்டோ ஏ.சி-யா, திருகும் ஏ.சி-யா? எது வந்தாலும் சரி.

அக்காவுக்கு நான் டிக் போட்டது இரண்டாவது வேரியன்ட்: ஏ.எம்.டி., ஹில் ஹோல்டு, கையால் போடும் வைப்பர். டெஸ்ட் டிரைவுக்கு மாலை நேரம் கேட்டிருக்கிறோம், மேம்பாலம் வழியாக.