24 பிட்டா, 32 பிட் ஃப்ளோட்டா? ஒலிப்பதிவுக்கு எந்த ரெக்கார்டர்

புது ரெக்கார்டர் வாங்கும்போது, ஒலியை ஃபைலில் எண்களாக எழுதும் இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவில்தான் நின்றேன். வாங்கியது 32 பிட் ஃப்ளோட், இன்னொரு முறை வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன், அதனால் என் சாய்வு இந்த அலசலில் தெரியத்தான் செய்யும்.

சாம்பிள் ரேட்டைப் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) பற்றிப் பேச ஒன்றுமில்லை, வீடியோ வேலைக்கு இரண்டிலும் 48 கிலோஹெர்ட்ஸ்தான். ஃபைல் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்: மோனோவில் நிமிடத்துக்கு 24 பிட் சுமார் 8.6 எம்பி, 32 பிட் சுமார் 11.5 எம்பி. மெமரி கார்டுக்கு இது ஒரு சுமையே இல்லை. ஒலித் தரமும் அப்படித்தான். லெவல் (பதிவாகும் ஒலியின் அளவு) சரியாக வைத்து எடுத்திருந்தால் எது எதுவென்று காதால் பிரித்துச் சொல்ல முடியாது. 24 பிட்டின் டைனமிக் ரேஞ்சே, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியே, கணக்குப்படி 144 டெசிபல்.

ஆனால் அந்த லெவலைச் சரியாக வைப்பதுதானே பாடு! பேட்டி கொடுப்பவர் மெதுவாகப் பேசுகிறார், உச்சம் மைனஸ் 12 டிபிஎஃப்எஸ்ஸைத் (டிஜிட்டல் ஒலி அளவுகோல்) தொடும்படி கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வைக்கிறோம், திடீரென்று வாய்விட்டுச் சிரிக்கிறார். 24 பிட்டில் 0 டிபிஎஃப்எஸ்ஸுக்கு மேல் எதுவும் பதிவாகாது, அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். எடிட்டிங்கில் வால்யூமைக் குறைத்தால் அந்தக் கரகரப்பு சின்னதாகக் கேட்கும், போகாது. ஃப்ளோட்டிலும் அதே சிரிப்பு டைம்லைனில் தட்டையாகத்தான் தெரியும். ஆனால் அந்த ஒலித்துண்டின் கெயினை 10, 15 டெசிபல் இறக்கிப் பாருங்கள், வெட்டுப்படாத முழு அலையும் உள்ளே இருந்து வெளியே வரும், ஏனென்றால் 0-க்கு மேலே உள்ள மதிப்பையும் ஃபைல் எழுதி வைத்திருக்கிறது. கேமரா, விளக்கு, கேள்வி எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்க்கும் எனக்கு இந்த ஒன்றே போதும்.

சரி, எல்லா இடத்திலும் இது காப்பாற்றுமா என்றால் இல்லை. மைக்கோ வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரோ முதலிலேயே கிளிப் ஆகிவிட்டால் (அலையின் தலை அங்கேயே வெட்டுப்பட்டுவிட்டால்) ரெக்கார்டர் என்ன செய்யும்? ஒரே ஒரு சாதாரண ஏடிசியை (மைக்கின் மின் அலையை எண்களாக மாற்றும் பாகம்) வைத்துக்கொண்டு ஃபைலை மட்டும் 32 பிட்டாக எழுதும் கருவியிலும் இந்தப் பலன் கிடைக்காது. அதனால் சத்தத்துக்கு ஒன்று, மெல்லிய ஒலிக்கு ஒன்று என்று இரண்டு ஏடிசி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம், ரெக்கார்டரிலிருந்து கேபிள் போட்டு கேமராவில் பதிவு செய்தால் கேமராவின் வரம்புதான் உங்கள் வரம்பு.

ஹெட்போனும் கையுமாக லெவலைக் கவனிக்கத் தனி ஆள் இருந்தால், அல்லது அதே ஒலியைக் குறைந்த லெவலில் இன்னொரு டிராக்கிலும் எழுதும் வசதி ஏற்கெனவே உங்கள் 24 பிட் ரெக்கார்டரில் இருந்தால், மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. நான் எடுப்பது பெரும்பாலும் பேச்சுதான். மேடையில் டிரம்ஸ் அளவு சத்தத்தில் என் அனுபவம் குறைவு, அதற்கு இதை நம்பி இறங்கும் முன் ஒத்திகையில் ஒருமுறை பதிவு செய்து கேட்டுவிடுங்கள்.